மாதையன் வைத்திருந்த கத்தி

மாதையன் இறந்த செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. மதிய ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பேக்கிங் பிரிவுக் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்: "நம்ம பழைய பேக்கிங் கத்தி மாதையன் இன்று காலை ராயக்கோட்டை மார்க்கெட்டில் நெஞ்சுவலி வந்து தவறிவிட்டார். அடக்கம் சொந்த ஊரில்." கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. புதிதாகச் சேர்ந்த ஒருவர், "யாரு இது, ரவுடியா?" என்று கேட்டிருந்தார். அதற்குப் பதிலாக இன்னொருவர் சிரிக்கும் முகம் போட்டிருந்தார். போட்டவர் மாதையனோடு பல வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்.

இறந்தவரைப் பற்றி எழுதும்போது உயிரோடிருப்பவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். அந்தச் சிரிக்கும் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

மாதையனைத் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். தெரியாதவர்கள் கையில் இது கிடைத்தால் அவர்களுக்காகச் சில வரிகள். ஊத்தங்கரைக்கு அப்பால், மழையை மட்டும் நம்பித் துவரையும் நிலக்கடலையும் விதைக்கிற ஓர் ஊரில் பிறந்தவர். ஓசூருக்கு வந்து, வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனியில் பேக்கிங் பிரிவில் நிரந்தரத் தொழிலாளி ஆனவர். நான் அதே பிரிவில் காண்டிராக்ட். அவருடையதற்கு எதிர்மேசை என்னுடையது. எங்கள் கம்பெனியில் பாதிப் பேருக்குச் சொந்தப் பெயர் கிடையாது, வந்த ஊர்தான் பெயர். என்னை அவர் கடைசிவரை 'அருப்புக்கோட்டை' என்றுதான் கூப்பிட்டார். அவரிடம் ஒரு கத்தி இருந்தது. அதனால் அவருக்கு வேலை போனது. அது எப்படிப்பட்ட கத்தி என்று சொல்லாமல் அவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

உள்ளங்கை நீளம்தான் இருக்கும். டூல் ரூமில் இரும்பு அறுக்கிற மெஷினின் உடைந்த பிளேடு அது. குப்பையில் போட்டதை எடுத்து, பல்லையெல்லாம் தேய்த்துத் தள்ளி, ஒரு பக்கம் மட்டும் தீட்டியிருந்தார். பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. உறை, கன்வேயர் பெல்ட் துண்டு. மடங்காது. கத்தி என்றால் முன்னால் கூராகப் போய் முடியும் அல்லவா, இது அப்படி முடியாது. குறுக்கே வெட்டின ஸ்கேல் போல நேராக நின்றுவிடும். முதல்முறை பார்த்தபோது, "என்னண்ணே, உடைஞ்ச கத்தியா?" என்று கேட்டேன்.

"உடையல. அது அவ்ளோதான்" என்றார்.

கம்பெனி எங்களுக்குக் கொடுத்திருந்தது ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கட்டர். பிளேடு மழுங்கினால் ஒரு துண்டை ஒடித்துப் போட்டுவிட்டு அடுத்த துண்டால் அறுக்க வேண்டும். பெட்டியைச் சுற்றிக் கட்டுகிற பட்டை நாடாவில் வைத்து இழுத்தால் அது தானாகவே ஒடியும். ஒருமுறை அப்படி ஒடிந்த துண்டு பெட்டிக்குள் விழுந்து, பாகங்களோடு சேர்ந்து லாரி ஏறிப் போய்விட்டது. பாகங்களை வாங்கிய கம்பெனியில் பெட்டியைத் திறந்தவருக்கு விரல் கிழிந்தது. புகார் வந்தது. கட்டரை மாற்றவில்லை. அந்த மேசையில் வேலை செய்த பெண்களை வரிசையாக நிற்க வைத்து, யார் செய்தது என்று கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரையும் காண்டிராக்டரிடமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மாதையன் வீட்டில் வைத்திருந்த கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். சூப்பர்வைசருக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியும். ஒளித்துக் கொண்டுவந்த பொருள் இல்லை அது.

அந்தக் கத்தி சும்மா கிடந்த நேரம் குறைவு. பட்டை நாடாவை ஒரே இழுப்பில் அறுக்கும். அட்டைப்பெட்டியைத் திறக்கும், ஆனால் உள்ளே இறங்கிப் பாகத்தின் மேல் கீறல் போடாது. பழைய லேபிளின் கோந்தைச் சுரண்ட அந்த நேர்முனைதான். பெயின்ட் டப்பா மூடியை நெம்பவும் அதுதான், மரப்பெட்டியில் அடித்த பின்னைக் கிளப்பவும் அதுதான். கேண்டீனில் எலுமிச்சம்பழம் நறுக்கும். மழைக்காலத்தில் ஷூவின் அடியில் அப்பிய களிமண்ணைச் சுரண்டும். எங்கள் பிரிவில் ஒருவர் மடக்குக் கத்தி வைத்திருந்தார். அழுத்தி அறுத்தபோது அது மடங்கி அவர் விரலையே பதம் பார்த்தது. மாதையனுடையதில் மடங்க எதுவும் இல்லை. அதை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டமான பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனாலும் யார் மேலும் குத்தாது.

ஆனால் கத்தியை யாரிடமும் தரமாட்டார். இதையும் சொல்லியாக வேண்டும். செத்தவரை சாமியாக்கினால் அவரைத் தெரிந்தவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். ஒரு நிமிடம் கொடுங்கள் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "கத்தி கேக்காத. வேலையச் சொல்லு, நான் வந்து அறுத்துத் தரன்." லாரி கிளம்பக் காத்துக்கொண்டு நிற்கும். இவர் ஆடி அசைந்து வருவார். உறையிலிருந்து உருவுவார். நாடாவை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று பார்ப்பார். பிறகுதான் அறுப்பார்.

"கடை திறக்க வந்த மந்திரி மாதிரியே வரான் பாரு" என்பார் குமரவேல். குமரவேல் அவருக்குப் பக்கத்து மேசை, கெலமங்கலத்துக்காரர், மாதையனுக்கு எல்லோரையும்விட நெருங்கிய கூட்டாளி.

"மந்திரிக்குக் கத்தரிக்கோல தட்டுல வச்சு எவனாவது நீட்டணும்டா. எனக்கு அந்தச் செலவு இல்ல" என்பார் மாதையன்.

ஒரு நாள் நான்தான் அவரை வம்புக்கு இழுத்தேன். "நுனி வச்சே செஞ்சிருக்கலாம்லண்ணே. கத்தின்னா ஒரு கெத்து வேணாமா?"

"காலையில எழுந்ததுல இருந்து எதையாவது குத்தணும்னு உனக்கு வந்துச்சா?"

"சூப்பர்வைசரை."

"அவன விடு. வேற?"

யோசித்தேன். எதுவும் இல்லை.

"அறுக்கறதுக்கு? சுரண்டறதுக்கு?" என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "குத்தறதுக்கு ஒண்ணுமே இல்லாத பொழப்புல நுனிய எதுக்குத் தூக்கினு அலையணும்? ஒண்ணு அடுத்தவன் மேல ஏறும், இல்லன்னா நம்ம கையில ஏறும்."

அதே பேச்சில் எனக்கும் ஒன்று செய்து தரச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "பொம்பளப் புள்ள கத்தி வச்சிருந்தா ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

"ஆம்பளை வச்சிருந்தா?"

"வேலைக்கு வச்சிருக்கான்னு போயிடுவாங்க."

இந்த விஷயத்தில் மாதையன் பேசினது தப்பு. பஸ் இறங்கி இருட்டுச் சந்தில் நடந்து போகிற எங்களுக்கும் கத்தியால் ஆக வேண்டிய ஆயிரம் வேலை இருந்தது. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் இப்போது எழுதும்போது வேறொன்றும் தெரிகிறது. ஓர் ஆம்பளை கையில் கத்தி இருந்தால் அது வேலைக்குத்தான் என்று இந்த ஊர் நம்பும் என அவர் நிஜமாகவே நினைத்திருந்தார்.

மேனேஜர் பிறந்தநாளை நம் பிரிவில் இருந்தவர்கள் மறந்திருக்க முடியாது. பேக்கரியிலிருந்து கேக் வந்தது, அதோடு வர வேண்டிய பிளாஸ்டிக் கத்தி வரவில்லை. மேனேஜரே சொன்னார், "மாதையனக் கூப்பிடுங்கய்யா" என்று. மாதையன் வந்தார். கத்தியைத் தண்ணீரில் கழுவித் துடைத்து, அவர் வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொருவர் கையில் கொடுத்தார். மேனேஜர் வெட்டினார். அந்த நேர்முனை துண்டுக்கு அடியில் போய் உடையாமல் தூக்கியது. "நீ பேக்கரிக்கு வேலைக்குப் போய்டு மாதையா" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தோம். காண்டிராக்ட் ஆட்களுக்கும் அன்று ஆளுக்கொரு துண்டு கிடைத்தது. போன் கொண்டுபோகத் தடை வராத காலம் அது. நான் படம் எடுத்தேன். படத்தில் மேனேஜர் கையில் கத்தியோடு கேக்குக்குப் பின்னால் நிற்கிறார். மாதையன் ஓரமாக, பாதி முகம் மட்டும்.

பிறகு ஊதிய ஒப்பந்தம் இழுத்துக்கொண்டே போன மாதங்கள் வந்தன. பேச்சுவார்த்தையில் காண்டிராக்ட் ஆட்களையும் சேர்க்க வேண்டும் என்று கேண்டீனில் எழுந்து நின்று சொன்ன ஒரே நிரந்தரத் தொழிலாளி மாதையன்தான். "அருப்புக்கோட்டை கட்டுற பெட்டியும் நான் கட்டுற பெட்டியும் ஒரே லாரியிலதான் போவுது. அங்க எறக்கறவனுக்கு யாரு கட்டுனதுன்னு தெரியுமா?" என்றார். நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. சங்கத்தில் பலருக்கும் பிடிக்கவில்லை. நிரந்தரமாக இருப்பவர்கள் தங்கள் பங்கு குறைந்துவிடும் என்று பயந்தார்கள்.

கொஞ்ச நாளில் கேட்டுக்குப் புது செக்யூரிட்டி ஏஜென்சி வந்தது. பைகளைத் திறக்கச் சொன்னார்கள். மாதையன் பையில் டிபன் பாக்ஸுக்கும் துண்டுக்கும் நடுவில் இருந்த கத்தியை எடுத்து மேசைமேல் வைத்துப் படம் பிடித்தார்கள். அவருக்குக் கொடுத்த நோட்டீஸில் 'கூர்முனை கொண்ட ஆயுதத்துடன் தொழிற்சாலைக்குள் நுழைய முயன்றது' என்று இருந்தது. கூர்முனையே இல்லாத ஒன்றைப் பற்றி, கண்ணெதிரில் அதை வைத்துக்கொண்டே அப்படி எழுதினார்கள்.

சங்க அலுவலகத்தில் கூடினோம். தலைவர் வழி சொன்னார். "எதையும் ஒத்துக்காதீங்க. கத்தி உங்களுதே இல்ல. செக்யூரிட்டிதான் பையில வச்சிட்டான். நாலு பேர் சாட்சி சொன்னாப் போதும், முடிஞ்சுது."

எங்கள் தொழிற்பேட்டையில் இது எல்லோருக்கும் பழகிப்போன வழி. நிர்வாகம் எதைக் கேட்டாலும் இல்லை என்பது. மெஷின் பக்கத்தில் தூங்கினாயா? இல்லை. கோஷம் போட்டாயா? இல்லை. கூட்டத்தில் இருந்தாயா? இல்லை. அந்த 'இல்லை' பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். கேட்பவன் ஏற்கெனவே முடிவெழுதி வைத்துக்கொண்டு கேட்கும்போது பதில் சொல்பவனிடம் மட்டும் நேர்மையை எதிர்பார்ப்பது அயோக்கியத்தனம். ஆனால் மாதையன் விஷயத்தில் அந்த வழி உதவாது என்று அன்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

நான் போனை எடுத்துக் காட்டினேன். "மேனேஜர் கையிலயே இருக்கே. எல்லாருக்கும் தெரிஞ்சு வேலைக்கு வச்சிருந்ததுன்னு சொல்லலாம்ல?"

தலைவர் படத்தைப் பார்த்தார். போனைத் திருப்பித் தந்தார். "இதக் காட்டினா கத்தி இருந்துச்சுன்னு ஆயிடும்மா. அழிச்சிடு." காண்டிராக்ட் ஆள் சொல்கிற சாட்சி எடுபடாது என்றும் சொன்னார். யாருக்காகப் பேசி மாதையன் மாட்டினாரோ அவர்கள் வாய்க்கு அந்த அறையில் மதிப்பில்லை. மாதையன் ஒரு மூலையில் உட்கார்ந்து காதைக் குடைந்துகொண்டிருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் ஒத்துக்கொண்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

விசாரணை ஒரு ஓட்டலின் மீட்டிங் ஹாலில் நடந்தது. நான் உள்ளே இல்லை. குமரவேலும் மாதையனும் தனித்தனியாக எனக்குச் சொன்னது ஒன்றுபோல இருந்ததால் எழுதுகிறேன். மேனேஜர் முதலில் வந்தார். இந்தக் கத்தியை இதற்கு முன்னால் தான் பார்த்ததே இல்லை என்றார். அப்படியானால் மாதையன் அதை அன்று ஏதோ திட்டத்தோடு கொண்டுவந்தார் என்று ஆகும். பிறகு குமரவேலும் மற்ற மூவரும் வந்தார்கள். மாதையனிடம் கத்தியைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு தரப்பும் ஒரே பொய்யைச் சொல்லி முடித்தது. கேக் தின்ற வாய்கள் அத்தனையும், வெட்டின கத்தியைப் பார்க்கவில்லை என்றன.

கடைசியாக மாதையனிடம் கேட்டார்கள், இது உங்களுடையதா என்று.

"என்னுதுதான் சார்."

தலைவர் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாராம். மாதையன் காலை நகர்த்திக்கொண்டு தொடர்ந்திருக்கிறார். "அறுக்கறதுக்கு, சுரண்டறதுக்கு வச்சிருந்தன். முனையப் பாருங்க சார். குத்த வராது."

விசாரணை அதிகாரி முனையைப் பார்க்கவில்லை. வைத்திருந்ததை ஒப்புக்கொண்டார் என்பதை மட்டும் எழுதிக்கொண்டார். அதோடு சாட்சிகள் நால்வரும் பொய் சொன்னதும் தானாகவே நிரூபணமாகிவிட்டது. மாதையனுக்கு வேலை போனது. குமரவேல் உட்பட நால்வரும் சில மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வேண்டி வந்தது.

அன்றிலிருந்து மாதையன் இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவர். 'கத்தி' என்ற பட்டத்தை நிர்வாகம் வைக்கவில்லை. நம்மைக் குத்திவிட்டான் என்று சொல்லி நாம் வைத்தோம். கேண்டீனில் வைத்தோம், பஸ்ஸில் வைத்தோம், பிறகு எதற்கு வைத்தோம் என்பதை மறந்துவிட்டுப் புதிதாக வந்தவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தோம்.

உத்தனப்பள்ளியில் அவர் குடியிருந்த வீட்டுக்குச் சண்டை போடத்தான் போனேன். "ஒரு பொய்யச் சொல்லித் தொலைச்சிருந்தா என்னண்ணே? உங்களுக்காக வந்து நாலு பேரு மாட்டிக்கிட்டாங்க."

"பொய் சொல்றதுல எனக்கு ஒண்ணும் வெக்கம் கெடயாது. லீவுக்காக எங்க மாமியாரயே ரெண்டு வாட்டி சாவடிச்சிருக்கன்."

"மூணு வாட்டி" என்றார் உள்ளேயிருந்து அவர் மனைவி அலமேலு.

"சரி, மூணு. ஆனா இத இல்லன்னு சொன்னா, ஒளிக்க வேண்டிய சாமான்னு நானே சொன்ன மாதிரி. ஆயுதம் வச்சிருக்கறவன் ஒளிப்பான். நான் இத எதுக்கு ஒளிக்கணும்?"

"அப்ப குமரவேல் அண்ணன்?"

"அவன்கிட்ட முன்னாடியே சொன்னன், நான் ஒத்துக்குவன்டா, நீ போவாதன்னு. வெளையாடறன்னு நெனச்சிட்டான்" என்றார். பிறகு, "இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்றார்.

இதை நான் இன்றுவரை தீர்த்துக்கொள்ளவில்லை. மாதையன் சொன்னது சரி. அந்த நான்கு வீட்டிலும் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட முடியாமல் போனதும் நிஜம். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அழிக்க முடியவில்லை. அழிக்க முடிந்தவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு அவர் ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட்டுக்குக் கூலி வேலைக்குப் போனார். பழைய கத்தி கம்பெனியின் சாட்சிப் பொருளாகப் பூட்டிக் கிடந்தது. அதேபோல இன்னொன்று செய்துகொண்டார், அதே நேர்முனையோடு. மார்க்கெட்டில் கயிறும் சாக்கும் தார்ப்பாயும் அறுக்க ஆள் தேடினால் கர்நாடகத்திலிருந்து லாரி கொண்டுவருகிறவர்கள்கூட கன்னடத்தில் "ஏனப்பா மாதையா" என்றுதான் குரல் கொடுப்பார்கள். அங்கே அவர் பெயருக்கு முன்னால் எதுவும் இல்லை.

ஒரு நாள் உத்தனப்பள்ளி பஸ் ஸ்டாப்பில் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்த ஒரு பெண்ணின் துப்பட்டா சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. மறுமுனை கழுத்தில். ஓடி வந்தவர்கள் துணியைப் பிடித்து இழுத்தார்கள், இழுக்க இழுக்க இறுகியது. மாதையன் கத்தியை உருவிக்கொண்டு ஓடினார். அந்தப் பெண்ணின் கணவன் கண்ணுக்கு, கத்தியோடு ஒருவன் தன் மனைவி கழுத்துக்குப் பாய்வது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. ஓங்கி அறைந்தான். மாதையன் அறையை வாங்கிக்கொண்டே தட்டை முனையைத் தோலுக்கும் துணிக்கும் நடுவில் செருகி, வெளிப்பக்கமாக ஒரு இழு இழுத்தார். துணி அறுந்தது. கழுத்தில் கீறல் இல்லை. நுனி இருந்திருந்தால் அந்த இடத்தில் அந்தக் கத்தியைச் செருகியிருக்கவே முடியாது.

"மொதல்ல அறை குடுத்தான், அப்பறம் டீ வாங்கிக் குடுத்தான்" என்று மாதையன் இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "டீ நல்லா இல்ல."

அலமேலு சிரிக்கவில்லை. "அடுத்த வாட்டி அறையோட விட மாட்டாங்க. வீட்லயே வச்சிட்டுப் போன்னா கேக்கறாரா பாரு."

"வீட்ல வச்சா அறுக்கறதுக்கு இங்க என்னா இருக்குது?" என்றார் அவர். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அடக்கத்துக்கு ஊத்தங்கரை தாண்டி அவர் ஊருக்குப் போனேன். கம்பெனியிலிருந்து வந்தவர்கள் மிகக் குறைவு. சங்கத்திலிருந்து மாலை மட்டும் வந்திருந்தது. குமரவேல் வந்திருந்தார். ஆனால் வீட்டுக்குள் போகாமல் ரோட்டோரமாகத் தன் பைக்கின் மேல் சாய்ந்து நின்றிருந்தார். வேலைநீக்கத்தை எதிர்த்து மாதையன் போட்ட வழக்கு இன்னும் தொழிலாளர் நீதிமன்றத்தில் இருக்கிறது. மனைவி அதைத் தொடர்ந்து நடத்தலாம். கத்தி எல்லோருக்கும் தெரிந்து வேலைக்குத்தான் பயன்பட்டது என்று கூட வேலை பார்த்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று வக்கீல் கேட்டிருக்கிறார். குமரவேலிடம் சொன்னேன். "நான் எழுதிக் குடுக்கறேண்ணே. நீங்களும் வாங்க."

"பார்த்ததே இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கன். இப்பப் பார்த்தன்னு சொன்னா, பொய்யன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. அப்பறம் வேலை போவும். உனக்கென்னா, காண்டிராக்ட். போறதுக்கு என்னா இருக்குது?"

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொன்னார். அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது. தலைவருக்கு நான் சொல்வது எடுபடாது, ஏனென்றால் நான் காண்டிராக்ட். குமரவேலுக்கு நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் காண்டிராக்ட். நாங்கள் எதற்காவது ஆளாக எண்ணப்படுவது இழக்கும்போது மட்டும்தான்.

அலமேலு எப்போது வெளியே வந்து நின்றார் என்று நாங்கள் கவனிக்கவில்லை.

"வராட்டிப் போங்கண்ணா" என்றார் குமரவேலிடம். "உங்க புள்ளைங்க படிக்குது. அவரும் உங்கள வரச் சொல்லியிருக்க மாட்டாரு. ஆனா அவரு பேருக்கு முன்னாடி அதப் போடறத மட்டும் நிறுத்துங்க. இந்த ஊர்ப் பசங்க எல்லாம் போனுல படிச்சிட்டாங்க. உன் வீட்டுக்காரன் ஓசூர்ல என்னாம்மா பண்ணினான்னு பொணத்த வச்சிக்கினே கேக்கறாங்க."

குமரவேல் தலையைக் குனிந்துகொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் மாதையனின் காலடியில் உட்கார்ந்திருந்தார். திரும்பி ஓசூருக்கு வரும்போது குழுவில் ஏதாவது எழுதுவார் என்று போனைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எழுதவில்லை. இதை எழுதுகிற இன்றுவரை எழுதவில்லை.

நீங்கள் யாரும் என்னை மன்னிக்க வேண்டியதில்லை. மாதையன் நல்லவர், வல்லவர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர் என்று எழுதிக் கைகூப்ப என்னால் முடியவில்லை. கத்தியை யாருக்கும் தராத கஞ்சர், என் விஷயத்தில் பழமை பேசியவர், கூட்டாளிகளை நட்டாற்றில் விட்டவர். அவரிடமிருந்து எனக்கு என்று ஒன்று மிஞ்சியிருக்கிறது. கேள்வி கேட்பவன் முனையைப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும், பார் என்று அவன் முன்னால் நீட்டுகிற அந்தப் பிடிவாதம். அதனால் சோறு கிடைக்காது. அவருக்குக் கிடைக்கவில்லை. என்றாலும் அதை நான் வைத்துக்கொண்டேன்.

போன வாரம், அழிக்காமல் வைத்திருந்த அந்தக் கேக் படத்தோடு கிருஷ்ணகிரியில் வக்கீலிடம் போனேன். நான் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்தார். 'மேற்படி மாதையன் பணிக்காக ஒரு சிறு கருவியை வைத்திருந்தார்' என்று படித்துக் காட்டினார்.

"கருவி இல்ல சார். கத்தி."

"அந்த வார்த்தையைத்தாம்மா எதிர்த்தரப்பு பிடிச்சுக்குவாங்க. கருவின்னா கொஞ்சம் மெதுவா இருக்கும்."

"கத்தின்னே போடுங்க. முனை நேரா இருக்கும், குத்த வராதுன்னு அடுத்த வரியில போடுங்க."

அவர் அழித்துவிட்டுத் திரும்ப அடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கோர்ட்டுல உன்ன நிக்க வச்சு, மாதையன்கிட்ட கத்தி இருந்துச்சா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே?"

"இருந்துச்சு சார்."